எதிர்வீட்டுக் குழந்தைக்கு வைத்த கனு

மட்டாஞ்சேரியில் அம்மாவின் தமிழ் புரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், காலையில் பள்ளிக்கூடம் போய்விடுவேன். இன்னொருவர் அப்பா, அவருக்குப் புரியும், ஆனால் பதில் வராது. காக்கையையும் சேர்த்தால் மூன்று பேர் என்பாள் அம்மா. "கொச்சிக் காக்காவுக்கு உன் கும்பகோணத் தமிழ் எங்கே புரியப்போறது" என்று அப்பா ஒருமுறை சொன்னார். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அப்பா, மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. எழுபதுகளின் பிற்பகுதி அது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்தில் கீழே சுக்குக் கிடங்கு, மேலே நாங்கள். அப்பா படியேறி வருவதற்கு முன்பே மிளகு நெடியில் எனக்குத் தும்மல் வந்துவிடும்; அதைக் கேட்டு அம்மா தட்டை எடுத்து வைப்பாள். எங்கள் வீட்டில் எதை வாயில் போட்டாலும் அதில் கொஞ்சம் சுக்கு வாசனை இருக்கும், பாயசத்தில்கூட. ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா, இந்த வீட்டில் எல்லாருக்கும் எப்போதும் ஜலதோஷமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மலையாளம் பேசக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் வேறு வழியில்லை. அம்மாவுக்குத்தான் அது வாய்க்கவில்லை. காய்கறிக்காரனிடம் விரலால் பேசினாள். தெருக்குழாயில் தண்ணீருக்கு நிற்கும்போது எல்லாரையும் பார்த்துச் சிரித்துவைத்தாள். குடத்தோடு மாடியேறி வந்துவிட்டால், நான் வீடு திரும்பும்வரை அவளிடம் பேச யாருமில்லை. இத்தனைக்கும் அம்மா நிறையப் பேசுகிறவள். ஊரில் கிணற்றடியில் அவள் ஒரு கதையை ஆரம்பித்தால் தண்ணீர் இறைக்க வந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிடுவார்களாம். அந்தப் பேச்செல்லாம் மட்டாஞ்சேரியில் எங்கே போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை. மத்தியானங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே மூட்டை ஏற்றுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அவளுடைய பக்தி அடுப்பங்கரையைத் தாண்டிப் போனதில்லை. சாதம் வடித்து இறக்கியதும் முதல் கரண்டி சுவாமிக்கு, அடுத்தது காக்கைக்கு, பிறகுதான் எங்களுக்கு. இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. துணி உலர்த்துவதற்கென்று எங்களுக்குச் சின்னதாக ஒரு மொட்டைமாடி இருந்தது. அதன் கைப்பிடிச்சுவரில் ஒரு பிடி சாதத்தை நெய் விட்டு வைத்துவிட்டு, "கா… கா…" என்று இழுத்துக் கூப்பிடுவாள். அப்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். வாசலில் விருந்தாளியை எதிர்பார்க்கிற முகம் அது. காக்கை வந்து கொத்திவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் எல்லாம் சரியாக நடக்கும் என்று நம்பினாள். பல நாட்கள் சரியாகத்தான் நடந்தன.

எதிர்வீட்டு மாடி ஜன்னலுக்கும் எங்கள் கைப்பிடிச்சுவருக்கும் நடுவில், துணிக்கழியை நீட்டினால் எட்டும் தூரம்தான். அந்த ஜன்னலில் ஒரு சேச்சி அடிக்கடி நின்றிருப்பாள். அவளுடைய புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டில் மாமியாரும் உண்டு. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் துணிந்து என்னைக் கூப்பிட்டு, "மோளே, நிங்ஙடெ வீட்டில் ஆரா மரிச்செ?" என்று கேட்டாள்.

உங்கள் வீட்டில் யார் செத்தது என்று கேட்கிறாள். நான் அதை அப்படியே அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அம்மா பதறிப்போய் ஓடி வந்தாள். கொஞ்சநேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் மொழிபெயர்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அங்கே காக்கைக்குச் சோறு வைப்பது, செத்தவர்களுக்குப் பலி இடும்போதுதான். ஈரக்கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிடுவார்கள். தினமும் ஒருத்தி சோறு வைத்தால் அந்த வீட்டில் துக்கம் ஓயவில்லை என்றுதானே அர்த்தம். சேச்சி பாவம், இத்தனை நாளும் எங்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"யாரும் சாகலைன்னு சொல்லுடி. எல்லாரும் நன்னா இருக்கணும்னுதான் தினம் வெக்கறோம்னு சொல்லு" என்றாள் அம்மா. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சொல்லி முடித்ததும் சேச்சிக்கும் வந்தது. இரண்டு பேரும் சந்தின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மட்டாஞ்சேரிக்கு வந்த பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சேச்சியும் அம்மாவைப் போலக் காக்கையைக் கூப்பிட்டுப் பார்த்தாள். குட்டையாக, யாரையோ அதட்டுவதுபோல இருந்தது. ஒரு காக்கையும் வரவில்லை. "இழுத்துக் கூப்பிடணும்" என்று அம்மா சொல்லிக்கொடுத்தாள். அப்போதும் வரவில்லை. இன்னொரு தடவை சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு துணிக்கழிக்கு வேலை கூடிப்போனது. அம்மா தூக்குவாளியில் எலுமிச்சம்பழ சாதம் போட்டு, கழியின் நுனியில் மாட்டி நீட்டுவாள். அது திரும்பி வரும்போது உள்ளே பலாச்சுளையில் செய்த சக்கை வறுவல் இருக்கும், அல்லது மரவள்ளிக்கிழங்கை வேகவைத்த கப்பைப் புழுக்கு இருக்கும். எங்கள் வீட்டில் கப்பை தின்பது வழக்கமில்லை. சேச்சி தந்தது என்பதால் அம்மா அதற்குத் தாளித்துக்கொட்டி எங்களுக்குப் போட்டாள். முதலில் என்னை நடுவில் நிறுத்திப் பேசினார்கள். பிறகு நான் தேவைப்படவில்லை. அம்மா தமிழில் சொல்வாள், சேச்சி மலையாளத்தில் சொல்வாள், இருவரும் தலையாட்டுவார்கள். யார் எதைப் புரிந்துகொண்டார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அம்மா மத்தியானங்களில் மூட்டைகளைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

சேச்சிக்கு இரண்டு தடவை கர்ப்பம் கலைந்திருந்தது. மூன்றாவது தங்கியபோது அதை அவள் மாமியாருக்கு முன்பே அம்மாவுக்குத்தான் சொன்னாள். ஜன்னலில் நின்று தன் வயிற்றில் கையை வைத்துக் காட்டினாள். அம்மா உள்ளே போய், சுவாமி விளக்கில் இன்னொரு திரியைப் போட்டு ஏற்றினாள். அன்றைக்கே மாவடு ஜாடி திறக்கப்பட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த மாவடு. எனக்கே எண்ணித்தான் கிடைக்கும். அது கழியில் தொங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவதை வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தை மாதம் கனு வந்தது.

பொங்கலுக்கு மறுநாள் காலையில், குளிப்பதற்கு முன்பு, பெண்கள் மஞ்சள் இலையைப் பரப்பி அதில் சாதத்தைச் சின்னச் சின்னப் பிடிகளாகப் பிடித்து வைப்பார்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் நிறமாக இருக்கும். காக்கைக்கும் குருவிக்கும் வைப்பதுதான். ஆனால் வேண்டிக்கொள்வது கூடப்பிறந்தவர்களுக்காக. அண்ணன் தம்பி எங்கே இருந்தாலும் சௌக்கியமாக இருக்கவேண்டும், காக்கை கூட்டமாக இருப்பதுபோல நாங்களும் சேர்ந்திருக்கவேண்டும் என்று. அம்மா இதற்காகவே பழைய தகரம் ஒன்றில் மஞ்சள் செடி வளர்த்திருந்தாள். கும்பகோணத்தில் இருந்த அவளுடைய தம்பிக்கு எப்போதும் சளித்தொல்லை. பாதி கனு அந்தச் சளிக்கே போய்விடும்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. முந்தைய வருஷங்களில் அம்மா வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் நானும் வைப்பேன் என்று அடம்பிடித்தேன்.

"யாருக்கும்மா நான் வெக்கறது?"

அம்மா யோசித்தாள். எதிர் ஜன்னலைப் பார்த்தாள். "சேச்சி வயத்துல இருக்கே, அதுக்கு வெய்யி. தம்பியோ தங்கையோ, எதுவா இருந்தா என்ன. நன்னா பொறக்கணும்னு வேண்டிண்டு வெய்யி" என்றாள்.

வைத்தேன். எனக்குச் சொந்தமாக ஒரு மஞ்சள் இலை. அதில் வெள்ளைப் பிடி, மஞ்சள் பிடி, சிவப்புப் பிடி. சிவப்புக்கு மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்துப் பிசைவோம். கல்யாணத்தில் ஆரத்தி சுற்றுகிற அதே சிவப்பு. எனக்கு அந்த நிறம் பிடித்திருந்ததால் சிவப்பில் மட்டும் கொஞ்சம் கூடவே வைத்தேன். முகம் தெரியாத ஒரு குழந்தையை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டேன். அம்மா திருப்தியாகக் குளிக்கப் போனாள்.

காக்கைகள் வந்தன. வந்தவற்றில் ஒன்று என் இலையிலிருந்து ஒரு சிவப்புப் பிடியைக் கவ்விக்கொண்டு பறந்தது. நேராகத் தின்றிருக்கலாம். அதற்கு என்ன தோன்றியதோ, எதிர்வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்து பாதியைத் தின்று, பாதியை அங்கேயே போட்டுவிட்டுப் போனது.

கொஞ்சநேரத்தில் எங்கள் மாடிப்படியின் கீழே பேச்சுக்குரல் கேட்டது. இறங்கிப் போனேன். சேச்சியின் மாமியார் நின்றிருந்தாள். கையில் ஒரு வாழையிலைத் துண்டு, அதில் அந்தச் சிவப்புச் சோறு. சற்றுப் பின்னால் சேச்சி, வயிற்றின்மேல் முந்தானையை இழுத்து மூடியபடி நின்றாள்.

"மோளே, இது நிங்ஙள் வெச்சதாணோ?"

ஆமாம் என்றேன்.

"ஆர்க்கு வேண்டியா வெச்செ?"

யாருக்காக வைத்தது என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. தெரிந்ததோடு இல்லாமல் பெருமையாகவும் இருந்தது. "சேச்சீடெ வயற்றிலெ வாவக்கு வேண்டியா. அம்ம பறஞ்ஞிட்டு ஞானா வெச்செ" என்றேன். வாவ என்றால் அங்கே கைக்குழந்தை. சேச்சியின் வயிற்றிலிருக்கும் குழந்தைக்காக, அம்மா சொல்லி, நான்தான் வைத்தேன்.

சேச்சியின் முகம் எப்படி மாறியது என்பது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அவள் மிகவும் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் மருமகளின் தோளை அணைத்துக்கொண்டு திரும்பினாள்.

இதற்குள் அம்மா ஈரத்தலையில் துண்டோடு படியில் இறங்கி வந்தாள். பண்டிகைக்கு விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பாக, "இருக்கச் சொல்லுடி, இதோ வந்துட்டேன்" என்று உள்ளே ஓடினாள். சர்க்கரைப் பொங்கலைக் கிண்ணத்தில் போட்டு, மேலே ஒரு முந்திரிப்பருப்பு தெரியும்படி வைத்து எடுத்துவந்தபோது எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அங்கே அந்தச் சிவப்புக்குக் குருதி என்று பெயர். உக்கிரமான தெய்வங்களுக்குப் படைப்பது. ஒரு குடும்பத்தைக் கெடுக்க நினைக்கிறவன், மந்திரவாதியைப் பிடித்து அதே சிவப்பைக் கலந்து வாசலில் கொண்டுபோய் வைப்பான் என்பது அவர்கள் நம்பிக்கை. அதைக் கூடோத்ரம் என்பார்கள். இரண்டு தடவை கர்ப்பம் கலைந்த வீட்டின் வாசலில் குருதிச் சோறு கிடக்கிறது. இது உன் வயிற்றுக் குழந்தைக்கு வைத்தது என்று எதிர்வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறது. அவர்கள் வேறென்ன நினைக்க முடியும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரியவந்தது. அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அம்மா அந்தப் பொங்கலைத் தூக்குவாளியில் போட்டுக் கழியில் மாட்டி நீட்டினாள். ஜன்னல் சாத்தியே இருந்தது. தூங்குகிறாளோ என்னவோ என்று கை வலிக்கும்வரை நீட்டிக்கொண்டு நின்றாள். மறுநாளும் நீட்டினாள். அன்று சாயங்காலம் எதிர்வீட்டிலிருந்து மிளகாயும் கடுகும் உப்பும் எரிகிற வாசனை வந்தது. சேச்சியை உட்காரவைத்து, எங்கள் மாடியைப் பார்க்கத் திரும்பி நின்று சுற்றிப்போட்டார்கள். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. திருஷ்டி கழிப்பது எங்கள் ஊரிலும் அப்படித்தான். அம்மா கழியை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அவாகிட்ட என்னடி சொன்னே?" என்று கேட்டாள். சொன்னேன். "நிஜத்தைத்தானே சொல்லியிருக்கே" என்று என் தலையைத் தடவினாள்.

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் இது ஆசீர்வாதம், கூடப்பிறந்தவர்களுக்காகச் செய்வது என்று சொல்லச்சொன்னாள். நான் சொன்னேன். மாமியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "ஆயிக்கோட்டெ" என்றாள். இருக்கட்டும் என்று அர்த்தம். அதற்குமேல் பேச்சு வளரவில்லை. அம்மா எட்டிப்பார்த்தாள், உள்ளே சேச்சி திரும்பி உட்கார்ந்திருந்தாள். அப்பாவிடம் சொன்னதற்கு, "போகப்போகச் சரியாயிடும்" என்றார். வீட்டில் எதற்கும் அவர் கைவசம் இருந்தது இந்த ஒரு மருந்துதான்.

சரியாகவில்லை. தெருக்குழாயில் அம்மா போய் நின்றால் மற்ற பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை, மரியாதையாகவே ஒதுங்கினார்கள். கர்ப்பமாக இருந்த இன்னொருத்தி அம்மாவைக் கண்டால் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அம்மா சிரித்துவைப்பதை நிறுத்தினாள். நல்ல வெயிலில் எல்லாரும் போன பிறகு தண்ணீருக்குப் போகத் தொடங்கினாள். மத்தியானங்களில் மறுபடியும் மூட்டைகளைப் பார்த்தாள். முன்பு மொழி தெரியாததால் தனியாக இருந்தாள். இப்போது காரணம் தெரிந்தே தனியாக இருந்தாள். அந்த மாதங்களில் அம்மாவைப்போல யாருமில்லாத ஒரு மனுஷியை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. எனக்கு அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாததால் பள்ளிக்கூடத்திலிருந்து மெதுவாக வீட்டுக்கு வந்தேன்.

காக்கைக்கு மட்டும் சோறு நிற்கவில்லை. "ஏண்டா, ஒனக்குத் திங்கறதுக்கு வேற எடமா கெடைக்கலை?" என்று அதோடு சண்டைபோடுவாள். சண்டைபோட்டுவிட்டு நெய்யையும் விடுவாள். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாம் அதனால்தானே, பின்னே அதற்கு எதற்குச் சோறு என்று கேட்டேன். "அது என்னடி பண்ணும். பசிக்கு வந்தது" என்றாள்.

வைகாசிப் பாதியில் வருகிற இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் எதிர்வீட்டில் குழந்தை அழும் குரல் கேட்டது. அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து மழையிலேயே மாடியில் நின்றாள். நல்ல கணீரென்ற குரல். உள்ளே வந்து தலையைக்கூடத் துவட்டாமல் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். சுவாமிக்குக் காட்டினாள். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். எதிர்வீட்டுக்குப் போகவேண்டிய பொங்கல் அது. நனைந்துகொண்டு வந்த காக்கைகள்தான் தின்றன. ஆண் குழந்தை என்பது கீழே சுக்குக் கிடங்கில் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்தது.

அடுத்த தை வந்தது. நான் இந்த வருஷம் கனு வைக்கப்போவதில்லை என்று அறிவித்தேன். நம்மோடு பேசாதவர்கள் வீட்டுக் குழந்தைக்கு நான் ஏன் வேண்டிக்கொள்ளவேண்டும்?

"அவா பேசலைன்னா அவன் ஒனக்குத் தம்பி இல்லேன்னு ஆயிடுமா? உக்காரு" என்றாள் அம்மா.

உட்கார்ந்தேன். என் இலையில் வெள்ளையும் மஞ்சளும்தான் இருந்தன. சிவப்புக்குச் சுண்ணாம்பு எங்கே என்று தேடினேன். "இந்த வருஷம் செவப்பு வேண்டாம்" என்றாள். அம்மா ஒரு சம்பிரதாயத்தை விட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இலையைக்கூட எதிர்வீட்டுக்குத் தெரியாதபடி தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேனே தவிர ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பின் வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. காக்கைக்குச் சோறு வைக்கும் நேரத்தை அம்மா மாற்றிவிட்டாள். எப்போதும் அப்பா சாப்பாட்டுக்கு வருவதற்குச் சற்று முன்புதான் சாதம் வடிப்பாள். இப்போது காலைப் பலகாரத்தின் கையோடு உலை ஏறியது. வெயில் கைப்பிடிச்சுவருக்கு வருவதற்குள் ஒரு பிடி சாதத்தோடு மாடியில் நின்றாள். கூப்பிட்டாள். காக்கை வந்ததும் உள்ளே போய்விடாமல், சுவரோரம் மறைவாக உட்கார்ந்துகொண்டு, ஒரு பிடியையே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் காக்கை சீக்கிரம் பறந்துவிட்டபோது அவசரமாக இன்னொரு பிடி கொண்டுவந்து மறுபடியும் கூப்பிட்டாள். அப்பா மத்தியானம் ஆறிப்போன சாதத்தைப் பிசைந்துகொண்டு, "சூடு இல்லியே" என்றார். "மிளகு ரசம் சூடா இருக்கு" என்றாள் அம்மா. கோடை விடுமுறையில் வீட்டிலிருந்த நான் காரணம் கேட்டேன். "சீக்கிரம் வெச்சா என்ன, அதுக்கும் பசிக்காதா" என்று சொல்லிவிட்டாள்.

நான் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்ப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். மாடியில் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். அதனால் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தங்கள் மட்டும்தான் நினைவிருக்கின்றன. ஒரு கிண்ணத்தில் கரண்டி தட்டும் சத்தம், குழந்தையின் அரைஞாண் மணிச் சத்தம், சேச்சி எதையோ காட்டிக் கொஞ்சிப் பேசுகிற குரல். பிறகு குழந்தையின் சிரிப்பு.

பல வருஷம் கழித்து, வேறொரு ஊரில், வாயை இறுக்கி மூடிக்கொண்ட என் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு சோற்றுக் கிண்ணத்தோடு ஜன்னலில் நின்றேன். நான் பாடினேன், ஆடினேன், கெஞ்சினேன். எதிர்க் கட்டடத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. என் பெண் அதைப் பார்த்து வாயைத் திறந்தாள். அது உட்கார்ந்திருந்த வரைக்கும் சாப்பிட்டாள். அது பறந்துபோனதும் வாயை மூடிக்கொண்டாள். கிண்ணத்தில் இன்னும் பாதி இருந்தது. சோறு காய்ந்த கையோடு நான் அப்படியே நின்றேன். மட்டாஞ்சேரியில் அம்மா எதற்காக ஒரு பிடிச் சாதத்தைப் பிரித்துப் பிரித்துப் போட்டாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. என் பெண் என்னை வேடிக்கை பார்த்தாள்.

ஆனால் இதெல்லாம் தெரியாத நாளில்தான் நாங்கள் அந்த ஊரைவிட்டுக் கிளம்பினோம். அந்தக் கோடை விடுமுறை முடிவதற்குள் அப்பாவைக் கோயம்புத்தூருக்கு மாற்றிவிட்டார்கள். சாமான்கள் முந்தின நாளே லாரியில் போய்விட்டன. காலையில் எழுந்து, படகில் எறணாகுளம் போய் ரயில் பிடிக்கவேண்டும். வீட்டில் அடுப்பும் இல்லை, அரிசியும் இல்லை. அன்றைக்கு மட்டும் காக்கைக்குச் சோறு வைக்கப்படவில்லை. அம்மா காலியான மாடியை ஒருதடவை பெருக்கினாள். துணிக்கழியைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். எதிர் ஜன்னல் சாத்தியிருந்தது. போய்வருகிறேன் என்று சொல்ல அந்தச் சந்தில் அவளுக்கு ஒருவரும் இல்லை.

கீழே இறங்கிச் சந்தின் முனைவரை நடந்திருப்போம். அப்பா பெட்டியோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். வெயில் அப்போதுதான் மாடிகளைத் தொட்டிருந்தது. பின்னால் ஒரு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து சேச்சியின் குரல்.

"கா… கா…"

அம்மா நின்றாள். நானும் நின்று திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் விளிம்பில் ஒரு பிடிச் சோறு இருந்தது. சேச்சி இடுப்பில் குழந்தையோடு, எங்களைப் பார்க்காமல், ஆகாயத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையைத் தட்டவில்லை. அச்சு அசலாக அம்மாவைப் போலவே கூப்பிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போகிற நேரத்தில்கூட விடமாட்டார்களா?

"அம்மா, பாரேன், ஒன்னைப் பழிச்சுக் காட்டறா."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கூப்பாடு வரும்வரை தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தாள். வந்தது. எங்கிருந்தோ ஒரு காக்கை பதில் சொல்வதும் கேட்டது.

"இல்லடி. நன்னா இழுத்துத்தான் கூப்பிடறா" என்றாள் அம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

எனக்கு ரோஷம் அடங்கவில்லை. படகு அக்கரை சேரும்வரை நான் அம்மாவோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. முகத்தில் காற்று அடிக்க, வாசலில் விருந்தாளி வந்துவிட்டவளைப் போலச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.